சுண்டிக்குளியில் பட்டுப்போன மலைநாட்டு ஹொலி: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மலைநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளிக்கு வந்த ஹொலி மரக்கன்று செத்துவிட்டது. எப்படிக் காப்பாற்றினோம் என்ற கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் எழுதுவது அது எதனால் செத்தது என்பதைப் பற்றி, ஏனென்றால் பார்க்க வந்த எல்லோரும் சொன்ன காரணம் ஒன்று, இலைகள் காட்டிய காரணம் வேறொன்று. யாழ்ப்பாணத்தில் மலைநாட்டுச் செடி எது பட்டுப்போனாலும் பழியை வெயில்மேல் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தக் கன்றின் விஷயத்தில் வெயில் இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளி நாங்கள் தினமும் அள்ளிக் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர். அதற்குத் துணை போனவை ஒரு புதுச் சீமெந்துச் சாடியும் அடுப்புச் சாம்பலும்.

கன்று வந்த வழி

இடம் சுண்டிக்குளிப் பக்கம் ஒரு வீட்டு வளவு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊரில் பலருக்கும் போல எனக்கும் மாமி. மகள் லண்டனில். ஒவ்வொரு நத்தாருக்கும் மகள் வீட்டு வாசல் கதவில் தொங்கும் ஹொலி வளையத்தின் படம், முள்ளிலையும் சிவப்புப் பழமுமாக, வாட்ஸ்அப்பில் வந்து விழும். அதைப் பார்த்துப் பார்த்து மாமிக்கும் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது, பிளாஸ்டிக் இல்லாமல் உயிருள்ள ஹொலி ஒன்று தன் வாசலில் நிற்க வேண்டும் என்று. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போன உறவினர்கள் அங்கே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் விசாரிக்க, அவர் தன் வீட்டுப் பின்வளவில், காட்டோரமாகத் தானாக முளைத்து நின்ற இரண்டு கன்றுகளை வேர்மண்ணோடு கிண்டி, கறுப்புப் பொலித்தீன் பைகளில் வைத்துக் கொடுத்துவிட்டார். பறவை எச்சத்தில் விழுந்து முளைத்தவையாகத்தான் இருக்கும், இந்த மரங்கள் பரவுவதே அப்படித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. வீட்டு வளவில் முளைத்த கன்று என்பதால்தான் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறேன். ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான தேசிய பூங்காவுக்குள் போய் ஒரு கன்றைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம், அதைச் செய்துவிட்டு வந்து என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு கன்று சுண்டிக்குளியில் மாமியிடம் நின்றது. மற்றது குருநகரில் மாமியின் தங்கச்சி வீட்டுக்குப் போனது. இந்த இரண்டாவது கன்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முழு ஆய்வும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கப் போகிறது.

இது ஹொலிதானா?

மாமி என்னைக் கூப்பிட்ட முதல் தடவை நோய் பார்க்க அல்ல, முறைப்பாடு சொல்ல. "என்ன தம்பி, ஹொலி எண்டால் முள்ளு இருக்க வேணுமெல்லே? இது ஏதோ தேயிலைக் கண்டு மாதிரிக் கிடக்கு. ஏமாத்திப்போட்டாங்களோ?"

ஏமாற்றவில்லை. நத்தார் அட்டைகளில் நாங்கள் பார்க்கிற முள்ளிலை ஐரோப்பிய ஹொலியுடையது, ஐலெக்ஸ் அக்குவிபோலியம் என்பது அதன் அறிவியல் பெயர். அந்த மரத்திலேயேகூட மாடும் மானும் எட்டிக் கடிக்கிற தாழ்ந்த கிளைகளில்தான் முள் அதிகம், உச்சிக்குப் போகப் போக இலை ஓரம் வழுவழுப்பாகிவிடுவது உண்டு. ஐலெக்ஸ் என்ற பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன, அவற்றில் பெரும்பங்கு வெப்பவலயத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் வாழ்கிறது, அதிலும் மலைகளில். பனியில் மூடிக் கிடக்கும் மரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அந்தக் குடும்பத்தில் வடக்கே போய்க் குடியேறிய ஒரு சில உறவுகளைத்தான். வெப்பவலயத்து ஹொலிகள் பலவற்றுக்கு முள்ளே கிடையாது. தென் அமெரிக்காவில் பராகுவே, பிரேசில், ஆர்ஜென்டினா நாட்டவர்கள் தேநீர் போலக் குடிக்கிற மாட்டே பானம்கூட ஒரு ஐலெக்ஸ் மரத்தின் இலைதான், அதில் கஃபீனும் இருக்கிறது. மாமியின் "தேயிலைக் கண்டு" அவ்வளவு தவறான பார்வை இல்லை.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஐலெக்ஸ் இனங்கள் சில உண்டு. ஐலெக்ஸ் வாக்கரி, ஐலெக்ஸ் செய்லானிகா, ஐலெக்ஸ் டென்டிகுலாட்டா, அப்புறம் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மட்டுமே உரிய ஐலெக்ஸ் நக்கிள்ஸென்சிஸ். மாமியிடம் வந்தது வாக்கரி. சிறிய, தடித்த இலைகள், ஓரத்தில் கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மழுங்கல் பற்கள். இலைகள் தண்டில் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருக்க வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் தாவரக் கடைகளில் ஹொலி என்று விற்கப்படும் சில செடிகள் உண்மையில் ஒஸ்மாந்தஸ் என்ற வேறு பேரினம், அவற்றில் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக நிற்கும். இன்னொன்று, இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி தெரியும். அது இலையடிச் செதிலின் மிச்சம். கைவில்லை ஒன்று இருந்தால் போதும், பூவும் காயும் இல்லாத கன்றிலேயே ஐலெக்ஸ் பேரினம் என்ற சந்தேகம் வலுத்துவிடும்.

அது வந்த காடு

கன்று எதற்கு ஏங்கிச் செத்தது என்று விளங்க, அதன் ஊரைத் தெரிய வேண்டும். இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1500 மீற்றருக்கு மேலே ஏறினால் காடு குணம் மாறத் தொடங்கும். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அங்கே மரங்கள் உயர்ந்து நிற்பதில்லை, காற்று அவற்றை அமத்திவைத்திருக்கிறது. தண்டு முறுகி, கொப்புகள் குடை விரித்தது மாதிரிப் பரந்து, பட்டை முழுக்கப் பாசியும், கொப்புகளில் தாடி போலத் தொங்கும் லைக்கனும், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிரும். கீனா என்று சிங்களத்தில் சொல்லும் கலோபில்லம் வாக்கரி, நாவலின் மலைநாட்டு உறவான சைசீஜியம் இனங்கள், சிவப்புப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரன், அடியில் சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து மொத்தமாகச் சாகிற நெலு. இவற்றின் நடுவில்தான் எங்கள் ஹொலி. தனித்துத் தெரியாத மரம், பெயர் சொல்லிக் காட்டாவிட்டால் நூறு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் பழம் பழுத்தால் பறவைகளுக்கு விலாசம் தெரியும்.

அந்தக் காட்டின் தண்ணீர்க் கணக்கு வேறு. மழை இரண்டு பருவக்காற்றிலும் கிடைக்கும், மழை இல்லாத நாட்களில் முகில் இறங்கி வந்து இலைகளில் மோதிச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழும். மகாவலி, களனி, வளவை என்று மூன்று பெரிய ஆறுகளுக்கு ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது என்றால் அந்தச் சொட்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆக, ஹொலியின் வேருக்கு வருகிற தண்ணீர் வானத்திலிருந்து நேராக இறங்கியது, கல்லைத் தொடாதது, உப்பும் சுண்ணாம்பும் கிட்டத்தட்ட இல்லாதது. அது விழுகிற மண் கறுப்பு இலைமக்கு. குளிரில் இலைகள் மெதுவாகத்தான் உக்கும், உக்கும்போது அமிலம் கசியும், மழை கல்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மண் நன்றாகப் புளித்திருக்கும். புளித்த மண்ணில் இரும்பு கரைந்த நிலையில் தாராளமாகக் கிடைக்கும், ஆகவே அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மரத்துக்கு இரும்பைத் தேடிப் பிடிக்கும் திறமை பெரிதாகத் தேவைப்படவில்லை. இந்த ஒரு வசனத்தில்தான் மாமியின் கன்றின் விதி இருக்கிறது.

இந்தக் காடு மிஞ்சியதே ஒரு அதிர்ஷ்டம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்துக்கொண்டு மேலே மேலே போனார்கள். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார், அரசும் அந்த உயரத்துக்கு மேல் காடு வெட்டுவதைத் தடுத்தது. கோப்பியை இலைத்துரு நோய் தின்று தேயிலை வந்த பிறகும் அந்தக் கோடு பெருமளவு நிலைத்தது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது, 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறியதால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. பல பத்தாண்டுகளாக அங்கே மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து சாகின்றன, ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதரான கோர்ஸ் புல்வெளியில் பரவியிருக்கிறது. வெப்பம் கூடினால் கீழ்நாட்டு மரங்கள் மலையேறித் தப்பலாம், ஏற்கெனவே உச்சியில் நிற்கிற மரம் எங்கே ஏறும்? சரி, இது வேறு கதை, சுண்டிக்குளிக்குத் திரும்புவோம்.

அன்பால் நடந்த கொலை

மாமி கன்றைப் பொலித்தீன் பையில் விட்டுவைக்கவில்லை. லண்டன் மகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமே. வாசலுக்கு அழகாகப் புதிதாக வார்த்த பெரிய சீமெந்துச் சாடி ஒன்று வாங்கினார். கோப்பாய்ப் பக்கமிருந்து வந்த நல்ல செம்மண், உக்கிய ஆட்டெரு, இரண்டும் கலந்து நிரப்பினார். கன்றின் வேரோடு ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை "இது என்ன சேறு மாதிரி" என்று உதறிவிட்டார். பூச்சி வராமலிருக்க அடிமரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பல். காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர். மேலே மதிய வெயிலை மறைக்கப் பச்சை வலைகூடக் கட்டியிருந்தார். எங்கள் ஊரில் கத்தரிக்கோ மிளகாய்க்கோ இதில் ஒன்றும் பிழையில்லை, ஒரு செடியை இவ்வளவு கவனமாகப் பார்ப்பவர்கள் குறைவு.

முதல் சில வாரம் கன்று அப்படியே நின்றது. பிறகு புதுத் தளிர் விட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். தளிர் விரிந்தபோது மஞ்சளாக இருந்தது. நரம்புகள் மட்டும் பச்சை, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை நிறம். அடுத்து வந்த தளிர் கிட்டத்தட்ட வெள்ளை. மலையிலிருந்து கொண்டுவந்த பழைய இலைகளோ கரும்பச்சையாக, ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தன. "பசளை காணாது" என்று யாரோ சொல்ல மாமி இன்னும் கொஞ்சம் ஆட்டெரு போட்டார். ஆனி மாதம் என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது புது இலைகளின் ஓரங்கள் கருகத் தொடங்கியிருந்தன, சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது.

இலை என்ன சொன்னது

வெயில் கொன்றால் இலை எப்படி இருக்கும்? வெயில் படும் பக்கத்தில் வெளுத்த திட்டு, பிறகு பழுப்பு, பழைய இலையென்றும் புதிய இலையென்றும் பார்க்காது. தண்ணீர் போதாவிட்டால் முழுச் செடியும் தொய்யும். தழைச்சத்து, அதாவது நைதரசன் குறைந்தால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவி எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். மக்னீசியமும் அப்படித்தான். இரும்பு அப்படி நகராது. பழைய இலையில் போன இரும்பு அங்கேயே தங்கிவிடும், புது இலைக்கு வேர்தான் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டும். வேரால் முடியாமல் போனால் பழைய இலை பச்சையாகவும், புது இலை நரம்பு மட்டும் பச்சையான மஞ்சளாகவும் இருக்கும். மாமியின் கன்றில் இருந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

ஆனால் செம்மண்ணில் இரும்புக்கு என்ன குறை? அதன் சிவப்பே இரும்புதானே. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மண்ணில் இரும்பு இருப்பது வேறு, அது கரைந்து வேருக்குக் கிடைப்பது வேறு. மண் காரமாக இருந்தால் இரும்பு துருவாக இறுகிப்போய்க் கிடக்கும், பெட்டகத்தில் காசு இருக்கு, திறப்பு இல்லை. சாடி மண்ணில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்துப் பாடசாலை ஆய்வுகூடத்துப் பிஎச் தாளை நனைத்தோம், நிறம் 8ஐத் தாண்டியது, 7க்கு மேலே போனாலே காரம். இன்னும் எளிதாக, ஒரு கரண்டி மண்ணில் விநாகிரி ஊற்றினோம், நுரைத்தது. காபனேற்று, அதாவது சுண்ணாம்பு, இருந்தால்தான் அப்படி நுரைக்கும். சாடியின் உட்சுவர் ஓரத்தில் வெள்ளைப் படிவு, மண் மேற்பரப்பில் வெள்ளைத் தோல்.

அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. குடாநாடு முழுக்க மயோசீன் என்ற மிகப் பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழும்பியதே இந்தக் கல்லை நம்பித்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட எங்களிடம் இல்லை, மாரியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கும், அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டைக் கரைத்து இலேசான அமிலமாகி, கல்லைக் கரைத்துக்கொண்டே இறங்குவதால் கிணற்றுநீரில் கல்சியம் இருகாபனேற்று நிறைய இருக்கும். மாமியின் கேத்திலின் அடியில் படிந்திருந்த வெள்ளை ஓடு அதே சாமான்தான். கேத்திலைச் சுரண்டலாம், வேரைச் சுரண்ட முடியாது. தினமும் இரண்டு வாளி ஊற்ற, தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே இருந்தது. போதாததற்குப் புதுச் சீமெந்துச் சாடி பல மாதங்களுக்குக் காரத்தைக் கசிய விடும், வாங்கியவுடனே ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால் ஓரளவு தணியும், யாரும் செய்வதில்லை. சாம்பலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது அடுப்பிலிருந்து வந்த காரம். ஆட்டெரு ஒன்றுதான் தன்னளவில் குற்றமற்றது, ஆனால் நோயாளிக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்ட கதை.

அப்போ பனையும் முருங்கையும் வெங்காயமும் முந்திரிகைக் கொடியும் எப்படி இதே தண்ணீரில் வளர்கின்றன என்று மாமி கேட்டார், நியாயமான கேள்வி. இங்கே நிலைத்த செடிகள் காரமண்ணைத் தாங்குகிறவை. அவற்றில் பல, வேரிலிருந்து அமிலத்தையோ இரும்பைப் பிடிக்கும் பொருளையோ கசியவிட்டு, இறுகிய இரும்பைக் கரைத்து எடுக்கும். அப்படித் தாங்க முடியாதவை இங்கே எப்போதோ கழிந்துபோய்விட்டன.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை மிச்சம் இருந்தது. பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பை மிக இலேசாகக் கரைத்து, மஞ்சள் தளிர்களில் ஒரு கொப்பில் மட்டும், மாலை நேரத்தில் தெளித்தோம். மற்றக் கொப்புகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்குள் தெளித்த கொப்பில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி புள்ளியாக எழும்பியது, தெளிக்காத கொப்பு மஞ்சளாகவே நின்றது. வெயில் இரண்டு கொப்புக்கும் ஒன்றுதான். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

நோய் கண்டுபிடித்ததும் கன்றைச் சாடியிலிருந்து எடுத்து, இலைமக்கும் தும்புத்தூளும் நிரப்பிய பிளாஸ்டிக் சாடிக்கு மாற்றினோம். எடுக்கும்போதே தெரிந்தது, மலைமண்ணோடு வந்த நுண்வேர்கள் அநேகமாக இல்லை, இருந்தவையும் பழுப்பு. சோளகம் காய்ச்சி அடிக்கிற நேரத்தில் வேரில்லாத கன்று எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆடியில் உச்சி காய்ந்தது, ஆவணியில் அடிப்பட்டையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சை இல்லை. கடைசித் தள்ளு தள்ளியது காற்றும் வெயிலும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது சுண்ணாம்பு.

குருநகர்க் கன்று

மாமியின் தங்கச்சிக்குத் தோட்டத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. கன்றை வந்த பொலித்தீன் பையோடு, மலைமண்ணோடு, வீட்டு வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் வைத்ததோடு சரி. அவர் வீட்டுக் கிணறு உவர், அதனால் குடிக்க ஆர்ஓ தண்ணீர், அதாவது இயந்திரத்தில் உப்பு வடித்த தண்ணீர், வாங்குகிறவர்கள். கிளாசுகளிலும் போத்தல்களிலும் மிஞ்சுகிற தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். சாம்பல் இல்லை, எரு இல்லை, சாடி இல்லை. சுண்ணாம்பும் உப்பும் நீக்கிய தண்ணீர், புளித்த மண், நிழல். அக்கறையில்லாமல் விட்ட கன்றுக்கு மலைநாட்டுத் தண்ணீரே கிடைத்துக்கொண்டிருந்தது, யாருக்கும் அது தெரியாது.

சுண்டிக்குளிக் கன்று செத்த ஆவணியில் குருநகர்க் கன்று பச்சையாக நின்றது. கடலுக்குக் கிட்ட, அதே வெக்கை, அதே இரவுகள். தளிர் சின்னது, ஆனால் பச்சை. வளர்ந்ததா என்று கேட்டால் இல்லை, சித்திரையில் இருந்த உயரமேதான். வெயிலின் பங்கை இங்கே பார்க்கலாம். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசை ஒட்டி, யாழ்ப்பாணத்தில் 28 அளவில். வைகாசியில் இரவும் 26, 27க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. குளிர்நாட்டு மரம் பகலில் சமைத்ததை இரவு வெக்கையில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும், சேமிப்பு மிஞ்சாது, சேமிப்பு இல்லாமல் வளர்ச்சி இல்லை. ஆக வெக்கை அதை வளரவிடாமல் வைத்திருந்தது, கொல்லவில்லை, குறைந்தது அந்த வருடத்தில் கொல்லவில்லை.

வெக்கை என்றாலே ஹொலிக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. ஐலெக்ஸ் சைமோசா என்ற இனம் மலேசியா, சிங்கப்பூர் பக்கம் கடல் மட்டத்திலேயே, சதுப்புக் காட்டிலும் கண்டல் காட்டுக்குப் பின்னாலும் வளர்கிறது, சிவப்புப் பழம் காய்க்கிறது. அங்கே மாதம் தவறாமல் மழை, சதுப்பு மண் புளித்த மண். எங்கள் யாழ்ப்பாணத்து மழைக்கணக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், மிச்ச நாளெல்லாம் கிணறுதான். இரண்டும் ஒரே பேரினம் என்பதற்காக மலை இனத்தைச் சதுப்பு இனத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதவும் கூடாது, ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் பழகியது. இரண்டு கன்றை மட்டும் வைத்து விதி போடுவதும் இல்லை, மண்ணும் தண்ணீரும் நிழலும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன என்று யாராவது குறை சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரும்புத் தெளிப்புச் சோதனையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

குருநகர்க் கன்றைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். தங்கச்சிக்கு ஆட்சேபனை இல்லை, மாமிக்குத்தான் மனமில்லை. மார்கழி விடுமுறைக்கு மலைநாட்டுக்குப் போனவர்களோடு அது போய், எடுத்த அதே பின்வளவில் நடப்பட்டிருக்கிறது.

பழம் வந்திருக்குமா?

மாமி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது இதுதான், "சாகாமல் இருந்திருந்தால் எப்ப தம்பி பழுக்கும்?" அநேகமாக எப்போதும் இல்லை. ஐலெக்சில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில்தான் பழம், அதுவும் பக்கத்தில் அதே இனத்து ஆண் மரம் பூத்து, பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுவந்தால். பூக்கும்வரை கன்று ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சுண்டிக்குளியில் ஒன்று, குருநகரில் ஒன்று, இரண்டும் ஒரே பாலாக இருந்திருக்கலாம். விதையிலிருந்து வளர்க்கலாமே என்று யோசிப்பவர்களுக்கும் பொறுமை வேண்டும், ஐலெக்ஸ் விதைக்குள் கரு முற்றாத நிலையில் இருக்கும், முளைக்க ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம்.

அந்த வருட நத்தாருக்கு மாமி வழக்கம்போலச் சவுக்குக் கொப்பு வெட்டி வைத்தார். வாசல் வளையத்துக்கு நான் சொன்னது வேலியைப் பார்க்கச் சொல்லித்தான். மாரி மழைக்குப் பிறகு கொவ்வைப் பழம் சிவந்து தொங்கும், தூதுவளையும் அப்போது சிவப்புப் பழத்தோடு நிற்கும், இலையில் முள் வேறு இருக்கிறது, மாமி கேட்ட முள். குன்றிமணியை மட்டும் தவிர்க்கச் சொன்னேன், பேரப்பிள்ளைகள் வருகிற வீட்டில் அந்த நஞ்சு வேண்டாம். வளையம் நன்றாகவே வந்தது, படம் லண்டனுக்குப் போனது. அங்கிருந்து வந்த பதிலை மாமி எனக்குக் காட்டவில்லை, ஆனால் அடுத்த நாளே மரம் ஒன்று சொல்லச் சொல்லிக் கேட்டார், "இந்தத் தண்ணிக்குச் சாகாத மரமாப் பாத்துச் சொல்லுங்கோ."

வீரை சொன்னேன். வன்னிப் பக்கம் பாலைப்பழத்தோடு வீரைப்பழமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. உலர்காட்டு மரம், எங்கள் வெயிலும் வரட்சியும் அதற்குப் புதிதல்ல. தடித்த, பளபளப்பான கரும்பச்சை இலை, இளஞ்செடியில் ஓரம் பல்லுப் பல்லாக இருப்பதும் உண்டு, பழம் நல்ல சிவப்பு. ஹொலியைத் தூரத்தில் நின்று பார்த்தால் எப்படியிருக்குமோ அதற்கு இது கிட்ட வரும். பழம் வருவது நத்தாருக்கு அல்ல, கோடைப் பக்கம், அதை மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மெதுவாக வளரும் என்பதையும் சொன்னேன். சாடியில் வேண்டாம், நிலத்திலேயே வையுங்கோ என்றேன், ஒன்று வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நாலைந்து கன்றாக வேலியோரம் வையுங்கோ என்றும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் வீரையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.